ஒரே மெட்டு, பத்து நிமிஷம்: வட கரோலினாவின் பழைய ஸ்ட்ரிங் பேண்டுக்காரர்களோடு

அமெரிக்காவின் வட கரோலினாவில், டர்ஹமுக்கும் சேப்பல் ஹில்லுக்கும் நடுவே ஹாலோ ராக் என்று ஓர் இடம் இருக்கிறது. ஓடை, காடு, நடைபாதை என்று இன்று அது ஒரு பூங்கா. வேலைக்காக இந்தப் பக்கம் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் வார இறுதியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே நடக்கப் போவதுண்டு. அதே பெயரில் 1960களில் ஒரு ஸ்ட்ரிங் பேண்ட், அதாவது தந்தி வாத்தியக் குழு, இருந்தது என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரியவந்தது. பிடில் ஆலன் ஜபூர், பாஞ்சோ டாமி தாம்ஸன், கிடார் பாபி தாம்ஸன், மாண்டலின் பெர்ட்ராம் லெவி. 1968ல் அவர்கள் போட்ட இசைத்தட்டுதான் இந்த வட்டாரத்துப் பல இளைஞர்களைப் பழைய மலைநாட்டு மெட்டுகளின் பக்கம் திருப்பியது.

ஜபூர் மேற்கத்திய சாஸ்திரிய வயலின் கற்றவர். ட்யூக் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு முதிய பிடில்காரர்களைத் தேடிப் போனார். வர்ஜீனியாவின் கிளென் லின் என்ற சிற்றூரில், எண்பதைத் தாண்டிய ஹென்றி ரீட் என்பவரை 1966, 67ல் பதிவு செய்தார். ரீட் தன் சிறுவயதில் கற்றது குவின்ஸ் டில்லியன் என்ற கிழவரிடம். அவர் மெக்ஸிகன் போரிலும் உள்நாட்டுப் போரிலும் படையில் குழல் ஊதியவர். ஆக, இன்று எங்கள் ஊர் பிடில்காரர் வாசிக்கும் சில மெட்டுகள் நாலைந்து கை மாறியதில் நூற்றைம்பது வருஷத்தைக் கடந்து வந்தவை. நம் வித்வான்கள் ‘இது இன்னார் பாடாந்தரம்’ என்று சொல்வது போலவே இங்கேயும், மெட்டைத் தொடங்குமுன் யாரிடமிருந்து வந்தது என்று சொல்லிவிட்டுத்தான் வில்லை எடுப்பார்கள். எனக்கு இவர்கள்மேல் முதல் மரியாதை வந்தது அதனால்தான்.

எங்கள் ஊர் பேண்டில் நான்கு பேர். பிடில்காரர் எழுபதைத் தாண்டியவர், ஆயுசு முழுக்கத் தச்சு வேலை பார்த்தவர். பாஞ்சோ வாசிக்கும் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். கிடார் வாசிப்பவர் பள்ளி ஆசிரியர். டபுள் பேஸ் வாசிக்கும் இளைஞர் மரம் வெட்டும் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறார். ஆளுயர வாத்தியத்தைச் சின்னக் காரின் முன்சீட்டை மடக்கிப்போட்டு நுழைத்துக்கொண்டு வந்துவிடுவார். யாருக்கும் இது தொழில் இல்லை. ஊர் ஸ்கொயர் டான்ஸுக்கு வாசிப்பார்கள், சனிக்கிழமை உழவர் சந்தையில் வாசிப்பார்கள், வாரம் ஒரு மாலை, பீர் காய்ச்சி விற்கும் ஒரு ப்ரூவரியின் பின்பக்க ஷெட்டில் ஜாம் நடத்துவார்கள், அதாவது வட்டமாக உட்கார்ந்து சேர்ந்து வாசிப்பார்கள். அந்த ஜாமுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம்.

நான் திருச்சியில் சிறுவயதில் வயலின் கற்றவன். வர்ணம், கீர்த்தனை என்று போய், வேலை என்று வந்ததும் பெட்டியை மூடிவைத்துவிட்டேன். பாட்டு வகுப்பில் என்னோடு சேர்ந்து வாசித்தவர்கள் பலருக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் பெட்டியைத் திரும்பத் திறக்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இந்த ஜாமைத்தான். காரணம் இருக்கிறது.

இவர்கள் நிறைய மெட்டுகளுக்குப் பிடிலின் சுருதியை மாற்றிவைத்துக்கொள்கிறார்கள். வழக்கமான ஜி-டி-ஏ-இ இல்லை. கீழ் இரண்டு தந்திகளையும் ஏற்றி ஏ-இ-ஏ-இ. இது என்ன? சா-பா-சா-பா. திருச்சியில் என் குரு மீட்டிச் சேர்த்துக் கொடுத்த அதே அமைப்பு, ஆதார சுருதி மட்டும் வேறு. ஒரு தந்தியில் மெட்டு, பக்கத்துத் தந்தியில் சுருதி விடாமல் ஓடும். பிடில்காரர் முதல் தடவை தந்திகளைச் சேர்த்துவிட்டு நாலையும் சேர்த்து இழுத்தபோது என் கை தானாகப் பிடிலுக்குப் போனது. தரையில் உட்கார்ந்து, பிடிலின் தலைப்பக்கச் சுருளைக் குதிகாலில் சாய்த்து நான் வாசித்ததை யாரும் விநோதமாகப் பார்க்கவில்லை. இங்கேயே பழைய ஆட்கள் பிடிலைத் தாடைக்குக் கீழே இடுக்காமல் மார்பில் சாய்த்து வைத்துக்கொள்வது சகஜம்.

ஒரு எச்சரிக்கை: கர்நாடக சங்கீதத்துக்காகக் குறைந்த சுருதியில் வைத்திருக்கும் வயலினைத் திடீரென்று இந்தச் சுருதிக்கு ஏற்றாதீர்கள். தந்தி அறுந்து கண்ணில் படக்கூடும், குதிரை (தந்திகளைத் தாங்கும் கட்டை) சாயும். இதற்கென்று விலை குறைந்த இன்னொரு வயலின் வாங்கி, ஸ்டீல் தந்தி போட்டுவிடுங்கள். முடிந்தால் குதிரையைக் கொஞ்சம் தட்டையாகச் செதுக்கித் தரச் சொல்லுங்கள். இரண்டு தந்தியைச் சேர்த்து வாசிப்பது எளிதாகும். எங்கள் பிடில்காரரின் பிடிலுக்குள் கிலுகிலுப்பைப் பாம்பின் வால் கிலுக்கு ஒன்று கிடக்கிறது, ஆட்டினால் சலசலக்கும். ஈரம் அண்டாது, எலி வராது, நாதம் கூடும் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். தெற்கில் இது ரொம்பப் பழைய வழக்கம். அதை நீங்கள் தேட வேண்டாம்.

இடது கை நமக்குச் சிரமம் தராது. ஏ சுருதி மெட்டுகளில், பழைய பிடில்காரர்கள் பலர் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே ஓரிடத்தில் விரலை வைப்பார்கள். பியானோவில் அந்த இடமே கிடையாது. மேற்கத்திய முறையில் கற்று வந்தவர்களுக்கு அது அபஸ்வரமாகக் கேட்கும். நம் காதுக்கு அது ஒரு தனி அழகு. பிடில்காரர் அதை வாசிக்கும்போது விரல் அசைவதில்லை, நடுங்குவதில்லை, நேராக அங்கே போய் நின்றுவிடும். ஆகவே கமகம் சேர்க்க வேண்டும் என்ற நம் துடிப்பை அடக்கிக்கொள்ள வேண்டும். மெட்டுக்கு அது ஒவ்வாது.

வலது கைதான் எல்லாம். நம் வில் நீளமாகப் போகும், பாட்டின் சாகித்தியத்தை ஒட்டிப் போகும். இங்கே வில் தாளவாத்தியம். பிடில்காரர் தன் வில்லில் நடுவிலிருந்து நுனிப் பக்கமாக ஒரு சாண் நீளம்தான் பயன்படுத்துகிறார். ஒரு நீண்ட இழுப்பு, இரண்டு குட்டி இழுப்பு, தா—தக, தா—தக. மணிக்கட்டு தளர்ந்து ஆடுகிறது, முழங்கை கிட்டத்தட்ட அசைவதே இல்லை. அழுத்தம் விழுவது முதல் அடியில் இல்லை, அதற்கு எதிர் அடியில். “என் இடது கையைப் பார்க்காதீங்க, அதுல ஒண்ணுமில்லை. வலது கை பக்கமா வந்து உட்காருங்க” என்றார். சுரமே இல்லாமல், திறந்த தந்திகளில் இந்த வில்லை மட்டும் தினமும் போட்டுப் பழகியதுதான் எனக்குப் பலன் தந்தது. முதலில் மெட்டைப் பிடித்துக்கொண்டு அப்புறம் வில்லைச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைப்பவர்கள் அதே இடத்தில் நின்றுவிடுகிறார்கள்.

பாஞ்சோவிலும் இதே சங்கதிதான். நர்ஸ் அம்மா வாசிப்பது கிளாஹாமர் முறை. சுட்டுவிரல் நகத்தின் பின்புறத்தால் தந்தியைக் கீழ்நோக்கித் தட்டுவார். பிறகு கட்டைவிரல், கழுத்தின் பாதியிலேயே முடியும் குட்டையான ஐந்தாம் தந்தியைச் சுண்டும். அந்த ஐந்தாம் தந்தி தம்பூரா மாதிரி ஒரே சுருதியில் விழுந்துகொண்டே இருக்கும். பிடிலும் பாஞ்சோவும் மட்டும் சேர்ந்தாலே இந்த இசை முழுமையாகிவிடும். கிடார் பின்னால் வந்த வாத்தியம். தபால் மூலம் பொருள் விற்ற கம்பெனிகளின் கேட்டலாகுகள் வழியாக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் மலைக் கிராமங்களுக்குள் பரவியது.

ப்ளூகிராஸை இதோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. ப்ளூகிராஸ் இதிலிருந்து பிறந்தது. பில் மன்றோவின் பேண்டில் 1945 கடைசியில் எர்ல் ஸ்க்ரக்ஸ் சேர்ந்து மூன்று விரல் பாஞ்சோ வாசித்தபோது அதன் உரு நிலைபெற்றது. அதில் ஒவ்வொருவரும் முறை வைத்துத் தனியாக வாசித்துத் தன் திறமையைக் காட்டுவார்கள். பழைய ஸ்ட்ரிங் பேண்ட் இசையில் தனி ஆவர்த்தனம் கிடையாது. எல்லோரும் ஒரே மெட்டைச் சேர்ந்து, முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பார்கள். இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் இரண்டு தடவை, திரும்ப முதலிலிருந்து. இப்படிப் பத்துப் பதினைந்து சுற்று. எட்ட நின்று கேட்பவருக்கு அலுப்பாக இருக்கலாம். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு நாலாவது சுற்றில்தான் விஷயமே தொடங்கும்: தோள் இறங்கும், யோசிப்பது நிற்கும், பாஞ்சோவின் கட்டைவிரல் எங்கே விழுகிறது என்று காதில் விழும், வில் அதற்கு இடம் விட ஆரம்பிக்கும். நான் இத்தனை காலம் இங்கே போய்க்கொண்டிருப்பது இதற்காகத்தான். என் வாசிப்பு நன்றாக இருந்ததா என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. நாங்கள் எல்லோரும் ஒன்றாக நகர்ந்தோமா என்பதுதான் கேள்வி.

இதன் காரணம் நடனத்தில் இருக்கிறது. ஒரு தடவை பேண்டோடு ஸ்கொயர் டான்ஸுக்குப் போயிருந்தேன். பழைய பள்ளிக்கூட ஹால், மரத்தரை. ஒருவர் மைக்கில் அடுத்த அடி என்ன என்று கூவிச் சொல்ல, ஜோடிகள் சுற்றிச் சுற்றி இடம் மாறுகிறார்கள். எல்லோரும் பழைய இடத்துக்கு வந்து சேரும்வரை மெட்டு ஓடியாக வேண்டும், நிறுத்த முடியாது. வேகம் இம்மியும் மாறக் கூடாது. பிடில்காரர் முகத்தை நிமிர்த்தவே இல்லை, கால்களையே பார்த்து வாசித்தார். சற்றுத் தள்ளி ஒரு பாட்டி, இடுப்புக்கு மேலே அசையாமல், செருப்பின் அடியால் தரையில் அத்தனை தாளத்தையும் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கால் சத்தமும் வில்லும் ஒன்றாக விழுந்தன. வில்லைப் பற்றிப் பிடில்காரர் எனக்குச் சொன்னதெல்லாம் அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. உங்களால் முடிந்தால் ஜாமுக்குப் போவதற்கு முன்பே ஒரு டான்ஸுக்குப் போய் ஆடிவிடுங்கள். ஆடத் தெரிய வேண்டியதில்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

சரி, ஜாமுக்கு வருவோம். எழுதி ஒட்டாத ஒழுங்குகள் சில உண்டு. வட்டத்தின் உள்வரிசையில் பிடிலும் பாஞ்சோவும், வெளியே மற்றவை. பேஸ் ஒன்றுதான். ஏற்கனவே ஒன்று இருந்தால் உங்களுடையதைப் பெட்டியிலேயே வையுங்கள். கிடார் ஒன்று, அதிகம் போனால் இரண்டு. மெட்டைச் சொல்லித் தொடங்குபவர்தான் அதற்கு எஜமானர், வேகமும் அவருடையது. முடிக்கப்போகிறார் என்றால் ஒரு காலை முன்னே நீட்டுவார். கண் அங்கே இருக்க வேண்டும். பிடிலுக்கும் பாஞ்சோவுக்கும் சுருதி மாற்ற நேரம் பிடிக்கும் என்பதால், ஏ என்றால் ஒரு மணி நேரம் ஏ மெட்டுகளாகவே போகும். நடுவே புகுந்து ஜி மெட்டு ஒன்று வாசிக்கலாமா என்று கேட்பது நாகரிகம் இல்லை. தெரியாத மெட்டு வந்தால் வெளிவட்டத்தில் மெல்ல வாசிக்கலாம், கேட்டுக்கொண்டும் இருக்கலாம். பிடில் உங்கள் காதில் விழவில்லை என்றால் உங்கள் சத்தம் அதிகம் என்று அர்த்தம்.

சுரம் எழுதிவைத்துக்கொள்ளும் பழக்கத்தை நான் அங்கே கொண்டுபோகவில்லை. தாளைப் பார்க்கும் கண் மணிக்கட்டைப் பார்க்காது. அதற்குப் பதில், முதல் சுற்றில் மெட்டு எங்கே போய் இறங்குகிறது என்று மட்டும் பிடித்துக்கொள்வேன்: சாவிலா, பாவிலா, ரியிலா. அடுத்த சுற்றில் அந்த இறங்கும் இடங்களை மட்டும் வாசிப்பேன். நடுவில் உள்ளது தானாக நிரம்பும். அனுமதி கேட்டுவிட்டு போனில் பதிவு செய்து, வீட்டில் வேகத்தைக் குறைத்துக் கேட்கலாம். ஹென்றி ரீடின் பதிவுகள் முழுக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜபூர் பின்னாளில் அங்கே 1976ல் தொடங்கிய நாட்டார் வழக்காற்று மையத்தின் முதல் இயக்குநரானவர். ஸ்லிப்பரி ஹில் என்ற தளத்திலும் பழைய பிடில் பதிவுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இன்றைய யூடியூப் பாடங்கள் உதவும்தான், ஆனால் காதை வளர்ப்பது இந்தக் கிழவர்கள்தான்.

ஒரு விஷயம் நான் எல்லோரிடமும் சொல்வேன். இந்த இசை என்றால் தாடி வைத்த வெள்ளைக்காரர்களின் சொத்து என்று ஒரு படம் நம் மனதில் இருக்கிறது. பாஞ்சோ ஆப்பிரிக்காவின் பிள்ளை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் சுரைக்குடுக்கையில் தோல் கட்டிச் செய்த வாத்தியம் அது. செனகல், காம்பியா பகுதியில் ஜோலா மக்கள் அகோன்டிங் என்ற வாத்தியத்தை வாசிக்கும் விதமும் கிளாஹாமரும் அப்படியே ஒத்துப்போகின்றன: நகத்தால் கீழே ஒரு தட்டு, கட்டைவிரலால் ஒரு சுண்டல். 1920களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் கிராமத்து இசையை வெள்ளையருக்கு ஒரு கேட்டலாக், கறுப்பினத்தவருக்கு ஒரு கேட்டலாக் என்று பிரித்தன. ஸ்ட்ரிங் பேண்ட் வெள்ளையர் பக்கம் போனது, ப்ளூஸ் கறுப்பினத்தவர் பக்கம் போனது. பிடிலும் பாஞ்சோவும் வாசித்த கறுப்பினக் குடும்பங்கள் ஏராளமாக இருந்தும் அவர்கள் இசை தட்டில் ஏறியது மிகக் குறைவு. அது ஒரு பெரிய அநியாயம். நூறு வருஷம் கழித்தும் அதன் வடு தெரிகிறது.

டர்ஹமிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் மெபேன் என்ற ஊர். அந்தப் பக்கத்தில் 1918ல் பிறந்தவர் ஜோ தாம்ஸன். பெரியப்பா சித்தப்பா மகன் முறையான ஓடெல் பாஞ்சோ வாசிக்க, இவர் பிடிலில் பக்கத்து ஊர் நடனங்களுக்கு வாசித்து வளர்ந்தார். 2005ல் பூன் நகரத்தில் கறுப்பின பாஞ்சோ இசைக்காரர்களின் கூடுகை ஒன்று நடந்தது. அங்கே சந்தித்துக்கொண்ட மூன்று இளைஞர்கள், ரியானன் கிடன்ஸ், டாம் ஃப்ளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்ஸன், ஜோவின் வீட்டுக்கே வாராவாரம் போய் உட்கார்ந்து கற்றார்கள். அவர்கள் தொடங்கிய கரோலினா சாக்லேட் டிராப்ஸ் பேண்டுக்கு 2011ல் கிராமி கிடைத்தது. ஜோ 2012ல் காலமானார். அவரிடமிருந்து வந்த மெட்டுகளை எங்கள் பேண்ட் தொடங்கும்போதெல்லாம் பிடில்காரர் அவர் பெயரை முழுதாகச் சொல்வார். ஒரு கிழவரின் வீட்டு முற்றத்தில் மூன்று பேர் போய் உட்கார்ந்ததால் ஒரு மரபு தப்பியது. தஞ்சாவூர்ப் பக்கம் எத்தனையோ நாகஸ்வரக் குடும்பங்களுக்கு அப்படி யாரும் போய் உட்காரவில்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த ஊர்களின் இசைக்காரர்கள் எல்லோருமே உழைப்பாளிகள்தான். ஸ்ப்ரே என்ற ஆலை ஊரில் (இப்போது அது ஈடன்) பஞ்சாலைத் தொழிலாளி சார்லி பூல் 1925ல் நியூயார்க் போய்த் தன் பேண்டோடு பாடிய தட்டு ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. 1931ல் 39 வயதில் இறந்துபோனார். மவுண்ட் ஏரிக்குப் பக்கத்தில் டோஸ்ட் என்ற ஊரில் இருந்த டாமி ஜாரெல், நெடுஞ்சாலைத் துறையில் சாலை சமன் செய்யும் இயந்திரம் ஓட்டியவர். ஓய்வுபெற்ற பிறகு அவர் வீட்டு வாசலில் உலகமெங்கும் இருந்து இளைஞர்கள் வந்து நின்றார்கள். சாப்பாடு போட்டு, படுக்க இடம் கொடுத்து, சமையலறையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். காசு கேட்கவில்லை. 1982ல் அமெரிக்க அரசு அவருக்குத் தேசிய மரபுக் கலைஞர் விருது கொடுத்தது. அவரோடு வாசித்த ஃப்ரெட் காக்கரம் கையில் இருந்தது மெட்டுக்கட்டை (ஃப்ரெட்) இல்லாத பாஞ்சோ, விரலை வழுக்கிக்கொண்டே போகலாம். நம் ஆட்கள் பாஞ்சோ பக்கம் வருவதானால் அந்த வகையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மவுண்ட் ஏரிக்கு டர்ஹமிலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம். ஜூன் முதல் வார இறுதியில் அங்கே பிடில்காரர் மாநாடு நடக்கும். ஆகஸ்டில் வர்ஜீனியாவின் கேலக்ஸில் 1935லிருந்து நடந்துவரும் பெரிய மாநாடு. மேடையில் போட்டி நடக்கும், பரிசு கொடுப்பார்கள். கேட்க வேண்டியது மேடையை அல்ல, கூடாரங்கள் போட்டிருக்கும் மைதானத்தை. ராத்திரி முழுக்க ஒவ்வொரு கூடாரத்தடியிலும் ஒரு வட்டம் இருக்கும். உள்ளே நுழையுமுன் சற்று நின்று பாருங்கள். நாலைந்து பேர் முட்டி இடிக்க நெருங்கி உட்கார்ந்து, கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தால் அது அவர்களுக்குள்ளான வட்டம், வெளியே நின்று கேட்கலாம். நாற்காலியை நகர்த்தி இடம் காட்டினால் உட்காரலாம். சனிக்கிழமை காலையில் மவுண்ட் ஏரி ஊருக்குள் போனால், 1948ல் தொடங்கிய டபிள்யூபிஏக்யூ வானொலி ஏர்ல் தியேட்டரிலிருந்து நேரலையாக ஒலிபரப்பும் உள்ளூர் பேண்டுகளைக் கேட்கலாம்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. ஜாமில் எட்டு வயதுக் குழந்தையும் எண்பது வயதுக்காரரும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கிறார்கள். அரங்கேற்றம், மார்க், போட்டி என்ற பயம் இல்லாமல் ஒரு வாத்தியத்தைக் கையில் வைத்திருக்கும் இடம் அவர்களுக்கு வேறு எங்கே கிடைக்கும்? என் மகள் முதலில் பேஸ் வாசிப்பவருக்குப் பக்கத்தில் நின்று இரண்டே இரண்டு சுரம் வாசித்தாள், அதுவே போதுமானதாக இருந்தது.

போகும்போது கைப்பிடி இல்லாத மடக்கு நாற்காலி ஒன்றைக் காரில் போட்டுக்கொள்ளுங்கள்; கைப்பிடி இருந்தால் வில் இடிக்கும். கூடவே உபரி இ தந்தி ஒன்று, சுருதி பார்க்கக் கிளிப் ட்யூனர் ஒன்று. ப்ரூவரி என்பதற்காகக் குடிக்க வேண்டும் என்றில்லை, லெமனேடும் கடலையும் கிடைக்கும், ஏதாவது ஒன்றை வாங்குங்கள். இடம் கொடுப்பவருக்கு வியாபாரம் நடந்தால்தான் அடுத்த வாரமும் ஜாம் நடக்கும். பேண்டுக்கு முன்னால் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கும், அதில் ஐந்து டாலர் போடுங்கள். பெரும்பாலும் அது டபுள் பேஸ் தந்திக்குத்தான் போகிறது. அதன் விலை ரொம்ப அதிகம்.